ஆகாய மார்க்கமும் அழுகும் பண்டமும்

(படிப்பு வட்டங்களுக்குரிய பாடம்)

நெசவாளரின் பண்டத்துக்கும் விவசாயியின் பண்டத்துக்கும் உள்ள முதன்மையான வேற்றுமை, பொறுத்திருக்கும் ஆற்றலே ஆகும். குறிஞ்சிப்பாடியில் நெய்த கைலி, விலை இறங்கிய மாதத்தில் பெட்டிக்குள் கிடந்து, விலை ஏறும் மாதத்தில் வெளியே வரலாம். வெண்டைக்காயும் கழிமுகத்து நண்டும் அவ்வாறு காத்திருக்க இயலாதவை. செடியிலிருந்து பறித்த கணத்திலிருந்தே, நீரிலிருந்து எடுத்த கணத்திலிருந்தே, அவற்றின் ஆயுள் குறையத் தொடங்குகிறது. இதனை வாங்குவோரும் அறிவர். ஆதலால்தான் மாலை நெருங்க நெருங்கச் சந்தையில் விலை சரிகிறது. விளைவித்தவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் தமிழர் நம் நாட்டுக் காய்கறிகளை விரும்பி வாங்குகின்றனர். அவர்களுக்கு விமானத்தில் அனுப்பினால் நல்ல விலை கிடைக்காதா என்னும் கேள்வி கடலூர், சிதம்பரம் வட்டார அங்கத்தினர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதற்கு விடை காண முயல்வதே இப்பாடத்தின் நோக்கம். தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வோம். விமானம் நமக்கு விற்பது நேரத்தை மட்டுமே. குளிர்ச்சியையும் தூய்மையையும் நல்ல தரத்தையும் அது விற்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய நேரத்தை நாம் தரையிலேயே சிந்திவிட்டால், கூலியும் போகும், பண்டமும் போகும்.

1. இரண்டு வழிகள்

அழுகும் பண்டத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல மனிதன் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, குளிரினால் காலத்தைத் தடுத்து நிறுத்துவது. மற்றொன்று, வேகத்தினால் காலத்தைச் சுருக்குவது.

முதல் வழியின் அடையாளம் ஒன்று சென்னைக் கடற்கரையிலேயே நிற்கிறது. அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். ஏறக்குறைய 4 மாதப் பயணத்துக்குப் பின்னும், ஏற்றியதில் பெரும் பகுதி உருகாமல் வந்து சேர்ந்தது. அவ்வணிகத்துக்கென்று 1842இல் சென்னையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். பின்னர் 1882இல் ‘டனிடின்’ என்னும் கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைந்த இறைச்சியை 98 நாட்களில் லண்டனுக்குக் கொண்டுசேர்த்தது. குளிர் நன்கு காக்கப்பட்டால் மூன்று மாதமும் ஒரு பொருட்டன்று என்பதை உலகம் அன்று கண்டது.

இரண்டாம் வழியின் தொடக்கமும் நம் நாட்டோடு தொடர்புடையது. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஏறக்குறைய 6,500 கடிதங்களுடன் ஒரு சிறு விமானம் பறந்தது. உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அதுவே. இன்று உலக வணிகச் சரக்கில் விமானத்தில் செல்வது அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மதிப்பிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எடை குறைந்து விலை மிகுந்த பண்டமே விமானம் ஏறத் தக்கது என்பது இதிலிருந்து விளங்கும்.

2. எது பறக்க வேண்டும், எது பறக்கலாகாது

இதனை அறிய நம் கடற்கரையின் இறாலைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 2009ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட வனாமி இறாலுக்கான தாய் இறால்கள் அமெரிக்கா போன்ற வெளிநாடுகளிலிருந்து உயிருடன் விமானத்தில் வருகின்றன. சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைக் காப்பகத்தில் நோய்ச் சோதனைக்குப் பின்னரே குஞ்சு பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. ஆனால் அத்தாயின் வழிவந்த இறால், குளத்தில் வளர்ந்து, ஆலையில் உறைந்த பின், கப்பலிலேயே அயல்நாடு போகிறது. 2023-24ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடலுணவு 17.8 லட்சம் டன். அதில் உறைந்த இறால் மட்டும் 7.1 லட்சம் டன்னுக்கு மேல். குளிர்ப் பெட்டகத்தில் 18 டிகிரி உறைகுளிரில் பல மாதம் கெடாதிருக்கும் பண்டத்துக்கு விமானக் கூலி கொடுப்பது வீண் செலவு. தாய் இறாலோ உயிருள்ளது, விலை மிகுந்தது, எடை குறைந்தது. எனவே அது பறக்கிறது.

பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதிக் கழிமுகங்களில் கிடைக்கும் களிநண்டு இவ்வகையில் மற்றொரு சான்று. தமிழகக் கரையோரத்தின் களிநண்டு சென்னையிலிருந்து உயிருடன் விமானத்தில் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குச் செல்வது நெடுநாளைய வணிகம். ஈரமும் மிதமான குளிர்ச்சியும் இருந்தால் களிநண்டு நீருக்கு வெளியே சில நாள் உயிர் வாழும். ஆனால் செத்த நண்டை வாங்குவோர் இல்லை. உயிரோடு சேர்ந்தாலன்றி விலையே இல்லை என்பதால் அதற்கு வேகம் இன்றியமையாதது. கொள்ளிடத்துக்கு அக்கரையில், சீர்காழியை அடுத்த தொடுவாயில், ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் களிநண்டுக் குஞ்சு பொரிப்பகம் அமைத்திருப்பதால், பிடிக்கும் நண்டோடு வளர்க்கும் நண்டும் நம் கணக்கில் சேரக்கூடும்.

இனிப் பண்ருட்டிப் பலாவை எடுத்துக்கொள்வோம். முழுப் பழத்தை விமானத்தில் ஏற்றினால், எடையில் பெரும்பகுதியான தோலுக்கும் சடைக்கும் கூலி கொடுக்கிறோம். சுளை பழ எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 12 கிலோ பழத்துக்குக் கூலி கொடுத்து 4 கிலோ சுளையை அனுப்பியவர் ஆவோம். சுளையை எடுத்து உறையவைத்துக் கப்பலில் அனுப்புவதே பெரிய அளவு வணிகத்துக்கு ஏற்றது. முந்திரிப் பருப்புக்கு விமானம் தேவையே இல்லை. அது கைலியைப் போலக் காத்திருக்க வல்லது.

ஆக, மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால் மட்டுமே விமானத்தைப் பற்றி எண்ண வேண்டும். பண்டத்தின் ஆயுள் கப்பல் பயணத்துக்குப் போதாததா? ஒரு கிலோவின் விற்பனை விலை, கூலியைத் தாங்கி மிச்சம் தருமா? உறையவைத்தால் அதன் மதிப்பு குன்றுமா? அன்றியும், அதே எடையை அதே தொலைவு கொண்டுசெல்ல விமானம் கப்பலைவிடப் பல பத்து மடங்கு கரிப்புகை வெளியிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ளல் நன்று.

3. தரையில் இழக்கும் நேரம்

பறித்த காயும் மூச்சு விடுகிறது. மூச்சு விடும்தோறும் தன்னிடமுள்ள இனிப்பையும் நீரையும் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இச்செலவு இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும் என்பது பொது விதி. 15 டிகிரியில் இருக்க வேண்டிய காய் 35 டிகிரியில் கிடந்தால், அதன் ஆயுள் நான்கு மடங்குக்குக் குறையாத வேகத்தில் கரையும்.

இதனைக் கணக்காக்கிப் பார்ப்போம். காலையில் பறித்த கீரை, வண்டி வரும் வரை கொட்டகையில் 5 மணி நேரம் வெப்பத்தில் கிடக்கிறது. குளிரில் இருந்திருந்தால் 20 மணி நேரத்தில் செலவாகும் ஆயுள், அந்த 5 மணியில் செலவாகிவிடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் பறப்பதோ ஏறக்குறைய 4 மணி நேரமே. வானத்தில் மிச்சப்படுத்தியதைப்போல் பல மடங்கைக் கொட்டகையிலேயே இழந்தோம்.

சிதம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையம் அதைவிடச் சற்று அருகில் உள்ளது; அங்கிருந்தும் காய்கறிகள் சிங்கப்பூர் முதலிய இடங்களுக்குச் செல்கின்றன. எந்த நிலையமாயினும், பறித்தல், தரம் பிரித்தல், சாலைப் பயணம், சுங்கச் சோதனை, ஏற்றுவதற்கு முன் காத்திருத்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்தால் பறக்கும் நேரம் மொத்தத்தில் ஒரு சிறு பகுதியே. விமானத்தின் சரக்கறையும் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டி அன்று. நாம் எந்தக் குளிரோடு கொடுக்கிறோமோ அதைப் பெட்டிதான் காக்க வேண்டும். ஆதலால் விடியற்காலையில் பறித்தல், உடனே நிழலுக்குக் கொண்டுவருதல், பெட்டியில் அடைப்பதற்கு முன்பே குளிரவைத்தல் ஆகிய மூன்றும் ஆகாய வணிகத்தின் அடித்தளம் எனலாம். சூடான காயைக் குளிர்ப்பெட்டியில் அடைத்தால், சூடும் உள்ளேயே அடைபடும்.

4. பெட்டிக்குள் வைக்கும் குளிர்

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. 10 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 240 முதல் 270 கிலோ கலோரி நீக்க வேண்டும். அதற்கு 3 முதல் 3½ கிலோ பனிக்கட்டி போதும். ஆனால் அது மீனைக் குளிர்விக்க மட்டுமே. வழியெங்கும் பெட்டிக்குள் புகும் வெப்பத்தைத் தடுக்க மேலும் தேவை. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் மீனுக்கு நிகர் எடை பனிக்கட்டி இடும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

படகிலும் லாரியிலும் இது சரி. விமானத்தில் உருகிய நீருக்கு இடமில்லை. மீன் கலந்த உப்பு நீர் ஒழுகினால் விமானத்தின் உலோகம் அரிக்கப்படும். ஒழுகும் பெட்டியை ஏற்க மறுப்பர். ஆகவே மீனை முன்னரே 0 டிகிரிக்குக் குளிர்வித்து, நீர் ஒழுகாத உறையில் இட்டு, உறைந்த ஜெல் பைகளுடன் தெர்மோகோல் பெட்டியில் அடைக்கின்றனர்.

உறைந்த பண்டத்தை விமானத்தில் அனுப்ப வேண்டிய அரிய வேளைகளில், மாதிரிச் சரக்கு முதலியவற்றுக்கு, உலர் பனிக்கட்டி பயன்படும். உறைந்த கரியமில வாயுவாகிய இது உறைநிலைக்கும் 78 டிகிரி கீழே இருப்பது. எடைக்கு எடை சாதாரணப் பனிக்கட்டியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தை வாங்குவது. நீராகாமல் நேரே வாயுவாகிப் போவது. வாயு வெளியேற வழியின்றிப் பெட்டியை இறுக மூடினால் வெடிக்கும். மூடிய அறையில் மிகுந்தால் மூச்சுத் திணறும். எனவே விமான விதிகளில் இது அபாயப் பண்டமாக வகுக்கப்பட்டுள்ளது. எவ்வளவு இட்டோம் என்பதைப் பெட்டியின் மேலும் சீட்டிலும் குறிக்காமல் அனுப்புதல் குற்றமாகும்.

குளிர் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று எண்ணுவதும் தவறு. வாழையும் முற்றிய மாங்காயும் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே சென்றால் தோல் கறுத்து, பழுக்கும் தன்மை கெடும். கத்தரியும் வெண்டையும் கடுங்குளிரில் குழி விழுந்து நிறம் மாறும். சிதம்பரத்துக் கொத்சுக்கு ஏற்ற பிஞ்சுக் கத்தரியை மீனோடு ஒரே குளிரில் வைத்தால் இரண்டில் ஒன்று கெடுவது திண்ணம். உயிர் நண்டின் மேல் பனிக்கட்டி கொட்டினால் நண்டு சாகும். ஒவ்வொரு பண்டத்துக்கும் உரிய குளிரை அறிதல் தராசு பிடிக்க அறிதலுக்கு ஒப்பானது.

5. கூலிக் கணக்கு

விமான நிறுவனம் எடைக்கு மட்டுமன்றி இடத்துக்கும் கூலி கேட்கிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000 ஆல் வகுத்தால் வருவது கொள்ளளவு எடை. இதிலும் தராசு எடையிலும் எது மிகுதியோ அதற்கே கூலி. 60, 40, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியின் கொள்ளளவு எடை 16 கிலோ. அதில் 9 கிலோ கறிவேப்பிலை இருந்தாலும் 16 கிலோவுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆகவே இலைப் பண்டங்களுக்குப் பெட்டியின் அளவே லாபத்தையும் நஷ்டத்தையும் முடிவு செய்யும்.

அடுத்தது, கூட்டுறவாளர் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். விமானக் கூலி எடை மிக மிகக் குறையுமாறு படிப்படியாக வகுக்கப்படுவது வழக்கம். 45, 100, 300, 500 கிலோ என்பன வழக்கமான படிகள். கணக்குக்காக மட்டும், 45 கிலோவுக்குக் கீழ் கிலோவுக்கு ரூ. 150 என்றும், 100 கிலோவுக்கு மேல் ரூ. 100 என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து அங்கத்தினர் தனித்தனியே 30 கிலோ அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் ரூ. 4,500, ஐவருக்கும் ரூ. 22,500. ஐவரும் சேர்ந்து 150 கிலோவை ஒரே சரக்காக அனுப்பினால் ரூ. 15,000. மிச்சம் ரூ. 7,500. ஐந்து சரக்குச் சீட்டுக்கும் ஐந்து சான்றிதழுக்கும் ஆகும் செலவு ஒன்றாகக் குறைவது இதற்கும் மேற்பட்ட ஆதாயம். ஊர் கூடினால் தேர் நகரும் என்பது தில்லைவாசிகளுக்குப் புதிதன்று. சரக்கு விஷயத்திலும் அது உண்மை.

கூலி எக்காலத்தும் ஒரே நிலையில் நிற்பதில்லை. விமானச் சரக்கில் கணிசமான பகுதி, பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் செல்வது. 2020 மார்ச்சில் தொற்றுநோயை முன்னிட்டுச் சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டபோது அந்த இடமும் மறைந்தது. ஒரே மார்க்கத்தையும் ஒரே சந்தையையும் நம்பி விளைவிப்பதன் ஆபத்தை அவ்வாண்டு உணர்த்திற்று.

6. சான்றிதழும் பொறுப்பும்

ஏற்றுமதி செய்வோருக்கு அயல் வணிகத் துறையின் குறியீட்டு எண் வேண்டும். காய், கனி, கீரைக்குப் பயிர் நோயின்மைச் சான்று வேண்டும். விவசாய விளைபொருளுக்கு அபிடா என்னும் அமைப்பிலும், கடலுணவுக்கு 1972இல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்ற எம்பிடா என்னும் அமைப்பிலும் பதிவு வேண்டும்.

இவற்றைத் தாளோடு முடியும் சடங்கு என்று எண்ணலாகாது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சென்ற இந்தியக் காய்கனிச் சரக்குகளில் 207இல் பூச்சி காணப்பட்டது. அதன் விளைவாக 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரி, சேம்பு, பாகல், புடல் ஆகிய ஐந்துக்கும் அங்கே தடை விதிக்கப்பட்டது. மாம்பழத் தடை 2015இன் தொடக்கத்தில் நீங்கிற்று. காய்கறித் தடை அதன் பின்னும் நீடித்தது. சிலர் பெட்டியில் இருந்த பழ ஈ, பூச்சியே இல்லாத தோட்டக்காரரின் சந்தையையும் மூடிவிட்டது. ஓர் அங்கத்தினரின் அசிரத்தை அனைவரின் வருவாயையும் தாக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சரக்கு கெட்டால் நஷ்டம் யாருடையது? சர்வதேச விமானப் போக்குவரத்து 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு உட்பட்டது. இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது. பண்டத்தின் இயல்பாலோ, அடைத்த குறையாலோ ஏற்படும் கேட்டுக்கு விமான நிறுவனம் பொறுப்பாகாது என்கிறது அவ்வுடன்படிக்கை. வேறு காரணத்தால் ஏற்படும் கேட்டுக்கும் ஈட்டுத்தொகைக்கு உச்சவரம்பு உண்டு. சேதம் கண்டால் சரக்கைப் பெற்ற 14 நாட்களுக்குள்ளும், தாமதமானால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். தவறினால் உரிமை போகும். ஆகவே அயல்நாட்டில் சரக்கைப் பெறுவோர் அன்றே பெட்டியைத் திறந்து, படமெடுத்து, தெரிவிப்பதாக முன்னரே ஒப்புக்கொள்ள வேண்டும்.

7. சங்கம் செய்யத் தக்கது

முதலில், எந்தப் பண்டம் என்பதை அங்கத்தினர் கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ போதும். சங்கம் தானே ஏற்றுமதி செய்யத் துணிவதற்கு முன், அனுபவமுள்ள ஏற்றுமதியாளருக்குத் தரம் பிரித்துக் குளிர்வித்த சரக்கை விற்றுப் பழகுதல் நலம். கூட்டுறவுகளின் விளைபொருளை அயல்நாட்டில் விற்பதற்கென்று 2023 ஜனவரியில் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் பதிவு செய்யப்பட்டுள்ளது. அதன் வழியையும் ஆராயலாம்.

அடுத்து, பெட்டிதோறும் அங்கத்தினர் எண், பறித்த நேரம், எடை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். குறியில்லாத பெட்டி கெட்டால் குற்றம் யாருடையது என்பது தெரியாது. தெரியாத குற்றத்துக்கு நல்லவரும் பொல்லாதவரும் சேர்ந்து பணம் கட்டுவர். அதன் பின் நல்லவர் சங்கத்துக்குச் சரக்குத் தர மாட்டார். பல கூட்டு முயற்சிகள் கலைந்தது விற்பனையில்லாமையால் அன்று, இத்தகைய மனக்கசப்பால்தான்.

ஆகவே முதல் பெட்டி புறப்படுவதற்கு முன்பே நஷ்டப் பங்கீட்டு விதி எழுதப்பட வேண்டும். தன் குறையால் கெட்ட பெட்டியின் நஷ்டம் அவரவருக்கு. வழியில் நேர்ந்த நஷ்டம் அனைவருக்கும் எடை விகிதத்தில். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு பகுதி நஷ்ட நிதிக்கு என்று வகுக்கலாம். லாபம் வந்த பின் விதி எழுதுவோர் பேராசையோடு எழுதுவர். நஷ்டம் வந்த பின் எழுதுவோர் கோபத்தோடு எழுதுவர். இரண்டும் வருவதற்கு முன் எழுதுவதே நீதியாக அமையும்.

மேற்சொன்ன ஒழுங்கு கைவந்த சங்கம் ஒருபோதும் விமானத்தில் சரக்கு அனுப்பாவிட்டாலும் நஷ்டமடையாது. விடியலில் பறித்து, நிழலில் தரம் பிரித்து, குளிரோடு சேர்க்கும் காய்க்குச் சென்னையிலும் புதுச்சேரியிலும் நல்ல விலை உண்டு. அந்த ஒழுங்கு இல்லாத சங்கத்துக்கோ, உலகின் வேகமான விமானமும் உதவாது.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் விளையும் அல்லது பிடிபடும் பண்டங்களில், பாடத்தில் கூறிய மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று விடை தருபவை எவை?

2. பறித்த நேரம் முதல் வண்டி ஏறும் வரை நம் சரக்கு எத்தனை மணி நேரம் வெப்பத்தில் கிடக்கிறது? ஒரு வாரம் குறித்துப் பார்க்கவும்.

3. 50, 40, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் 12 கிலோ வெண்டைக்காய் இருந்தால் எத்தனை கிலோவுக்குக் கூலி? அதே பெட்டியில் 6 கிலோ கறிவேப்பிலை இருந்தால்?

4. மீனையும் கத்தரியையும் ஏன் ஒரே குளிரில் வைக்கலாகாது?

5. நம் சங்கத்துக்கு ஒரு நஷ்டப் பங்கீட்டு விதியை ஐந்து வரிகளுக்கு மிகாமல் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசிக்கவும்.